வலிக்கு எந்த மருத்துவர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவக் கேள்வி-பதில் பகுதிகளில் நாள்பட்ட வலி பற்றி யார் கேட்டாலும் 'தகுந்த நிபுணரை அணுகவும்' என்று பதிலை முடித்துவிடுகிறார்கள். தகுந்தவர் யார் என்பதுதானே கேள்வியே!

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. எங்கே வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து மருத்துவரைத் தேடுவதால்தான் பலர் அலைகிறார்கள். எப்படி வலிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் மூட்டுகள் வீங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, நடமாட நடமாடத் தளர்ந்தால் மூட்டுவாத நிபுணர். நடந்தால் கூடி, உட்கார்ந்தால் தணியும் முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர். எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற வெட்டு, மரத்துப்போதல் என்றால் நரம்பியல் மருத்துவர். நரம்பு வலி சாதாரண வலி மாத்திரைக்குப் பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், ப்ரீகாபலின் போன்றவை தேவைப்படும். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. சீட்டைப் பார்த்துவிட்டு, 'எனக்கு மனநோய் என்கிறாரா?' என்று கோபித்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அமிட்ரிப்டிலினை வழக்கமாக இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரே வாரத்தில் விட்டுவிட்டு, 'அந்த மருந்து எனக்குச் சரிப்படவில்லை' என்று அடுத்த மருத்துவரிடம் சொன்னால் அவரும் தவறான முடிவுக்கே வருவார். எனவே மருந்தின் பெயர், அளவு, சாப்பிட்ட காலம், நிறுத்திய காரணம் நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு வாரத்து வலிக் குறிப்பும் (0 முதல் 10 வரை மதிப்பெண், தூக்கம், நடந்த நேரம்) உதவும்.

ஸ்கேன் படத்தை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பது சகஜம். உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சை என்பவரிடம் தயங்காமல் இரண்டாவது கருத்து கேட்கலாம்.

இவற்றிலெல்லாம் அடங்காத வலிக்கு வலி சிகிச்சை நிபுணர். இவர்களில் பெரும்பாலோர் மயக்க மருந்தியல் படித்துவிட்டு மேல்பயிற்சி பெற்றவர்கள். ஊசி மட்டும்தானா, உடற்பயிற்சி சிகிச்சையும் உளவியல் உதவியும் உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். முதுகு மூட்டு நரம்பைச் சுடும் ரேடியோ அலை சிகிச்சைக்கு முன் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சோதிக்க வேண்டும். அது வேலை செய்யும் சில மணி நேரத்தில் வலி நன்றாகக் குறையாவிட்டால், நரம்பைச் சுட்டும் பயனிருக்காது.

முதுகு வலியோடு திடீரெனச் சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ தொடை இடுக்கு மரத்தாலோ எந்த நிபுணர் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.