பெயரில்லாத வெள்ளைப் புள்ளிகள்

மதுரை
12.10.2025

அன்புள்ள செல்வி,

நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. கோபப்படு, நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதன் பின்னாலேயே விடைத்தாள் திருத்தும் வேலை. அம்மா தேறிவிட்டாள், இப்போது பேப்பரைத் தானே படித்து, எனக்கும் படித்துக் காட்டுகிறாள். ஜெபா பேரனுக்குக் காது குத்தினார்கள், போய் வந்தேன். நீ வரவில்லை என்று அவளுக்கு வருத்தம். அந்தச் சட்டி விவகாரத்தை இன்னும் அவள் விடவில்லை, நீதான் உடைத்தாய் என்கிறாள். நானும் அப்படித்தான் சாட்சி சொல்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நீ போன் பண்ணும்போது மாட்டுத்தாவணியில் நின்றிருந்தேன். பஸ் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. உன் பையன் பிரபுவுக்கு டேங்கர் கப்பலில் வேலை, கப்பல் கொஞ்சம் பழசு, சம்பளம் மற்ற இடத்தைவிட ஒன்றரை மடங்கு, ஏஜெண்ட் அவசரப்படுத்துகிறார். "நல்லதுடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மூன்று ராத்திரியாக அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

இந்த வருஷம் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு சாட்டிலைட் ரேடார் படம் பார்க்கச் சொல்லித் தருகிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேகமும் மறைக்காது, இருட்டும் மறைக்காது; அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கிறது. அமைதியான கடல் கறுப்பாக விழும், இரும்புக் கப்பல் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாக விழும். முறத்தில் கறுப்பு உளுந்துக்குள் கிடக்கும் அரிசியைப் பொறுக்குகிற வேலைதான். ஓடுகிற கப்பல் படத்தில் தன் நீர்த்தடத்தின் மேலேயே இருக்காது, சற்றுத் தள்ளி விழும். அந்த விலகலை அளந்தால் வேகம் ஓரளவு பிடிபடும். முதல் தடவை கணக்கு ஒத்துவந்தபோது ஒரு பையன் கை தட்டினான். நானும் தட்டினேன்.

பிறகு அதன்மேல், கப்பலில் இருக்கிற ஏ.ஐ.எஸ். என்கிற அடையாளக் கருவி அனுப்பும் தகவலை வைத்துப் பார்ப்போம். கப்பலில் போய்வந்த அண்ணனுக்குத் தெரியாததா? 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள, வெளிநாடு போகிற கப்பல் எல்லாம் தன் பேரையும் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு நம் அம்மாக்கள் சட்டைப் பையில் பேரும் தெருவும் எழுதி வைத்து அனுப்புவார்களே, அந்தச் சீட்டு மாதிரி. சீட்டைக் கிழித்துப் போட்டவனை ஏ.வி. பாலத்தின் மேல் நின்று தலையை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் புள்ளி இருக்கும், சீட்டு இருக்காது. அந்தப் புள்ளிகளைத்தான் நாங்கள் வட்டமிடுகிறோம். உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் முக்கால் பங்கு இப்படிப் பொதுக் கண்காணிப்பில் வராதவை என்று 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது.

எல்லாரையும் திருடன் என்று சொல்ல மாட்டேன். ஆபத்து என்று பட்டால் கேப்டன் அந்தக் கருவியை அணைத்து வைக்க விதியிலேயே இடம் உண்டு. ஏடன் பக்கம் அண்ணனே அப்படிப் போயிருக்கிறார். பாம்பன், தங்கச்சிமடம் வள்ளங்களுக்கு அந்தக் கருவி கட்டாயமே இல்லை. மரமும் ஃபைபரும் ரேடாரில் சரியாக விழுவதும் இல்லை. மங்கலாகத் தெரிந்த ஒன்றிரண்டைப் பார்த்து வகுப்பில் ஒரு பிள்ளை 'சந்தேகக் கப்பல்' என்று எழுதிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை அழிக்கச் சொன்னேன்.

ஆனால் கடலடியில் கிடக்கிற கேபிள்களை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. 2024 கிறிஸ்துமஸ் அன்று ஃபின்லாந்து வளைகுடாவில் ஈகிள் எஸ் என்ற டேங்கர் நங்கூரத்தைச் சுமார் 90 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய், எஸ்ட்லிங்க் 2 மின்கேபிளையும் நாலு தொலைத்தொடர்புக் கேபிளையும் அறுத்ததாக வழக்கு. அந்தக் கப்பலில் சீட்டு இருந்தது. கேபிள் அறுந்த நேரத்தோடு பொருத்திப் பார்த்து, ஹெலிகாப்டரில் போய் இறங்கிப் பிடித்தார்கள். சீட்டு இல்லாமல் போயிருந்தால்? அதற்குத்தான் கேபிள் தடத்தைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, பேரில்லாத புள்ளி உள்ளே வந்தாலோ, அங்கேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாலோ எச்சரிக்கை வருகிற ஏற்பாடு. ஒரு சாட்டிலைட் போதாது. சென்டினல் ஒன்று மட்டும் என்றால் அதே தடத்துக்குத் திரும்பிவர 12 நாள் ஆகும். பல வேண்டும், கரையில் ரேடார் வேண்டும், கப்பலின் ரேடார் வீசுகிற அலையை மேலிருந்தே கேட்கிற சாட்டிலைட்டும் வேண்டும்.

எங்கேயோ நடக்கிற கதை என்று விட முடியவில்லை செல்வி. மதுரையிலிருந்து அநுராதபுரத்துக்குக் கடலடியில் மின்கேபிள் போகும் என்று 2010லேயே பேசினார்கள். இந்த ஏப்ரலில் இரு நாட்டு மின் இணைப்புக்கு மறுபடி கையெழுத்தாகியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கம்பம் நடுகிற செலவுக் கணக்கிலேயே காவல் பார்க்கிற கண்ணுக்கும் எழுதிவைக்க வேண்டும். அறுந்த பிறகு தேடுவதில் என்ன இருக்கிறது? போகிற கூட்டத்திலெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதம் 3ஆம் தேதி ஹெல்சிங்கி நீதிமன்றம், சம்பவம் தன் எல்லைக்கு வெளியே நடந்தது, விசாரிக்க அதிகாரமில்லை என்று அந்த ஈகிள் எஸ் வழக்கைத் தள்ளிவிட்டது. கூண்டில் நின்றவர்கள் கேப்டனும் இரண்டு அதிகாரிகளும். ஒருவர் இந்தியர். மாதக்கணக்கில் அந்த நாட்டை விட்டுக் கிளம்ப முடியாமல் இருந்திருக்கிறார்கள். அதைப் படித்தது மனதிலேயே கிடந்தது, உன் போனுக்குப் பிறகு பிரபு முகமாகிவிட்டது. மேலிருந்து கப்பல்தான் தெரியும், ஆள் தெரியாது. நான் வட்டமிடுகிற புள்ளிக்குள் அவன் நின்றிருந்தாலும் எனக்குத் தெரியாது. சீட்டைக் கிழிக்கச் சொல்கிற முதலாளி எங்கேயோ இருப்பான், மாட்டுவது கப்பலை ஓட்டுகிற அறையில், பிரிட்ஜில், நிற்கிற பையன்.

அதனால் ஏஜெண்டிடம் கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணைக் கேள். ஏழு இலக்கம். பேர் மாறும், கொடி மாறும், அது மாறாது. அவருக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தருகிற ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உண்டா, கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் யார், அதையும் கேள். எண் கிடைத்தால் எனக்கு அனுப்பு. ஒரு வருஷமாக அது எங்கெங்கே போனது, எங்கே எத்தனை நாள் காணாமல் போனது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். எண் தர மறுத்தால் பிரபுவை அனுப்பாதே. படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது, தெரியும். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, அதை நேரில் பேசுவோம்.

அண்ணனை ஜனவரியில் என் வகுப்புக்கு அழைத்து வா. மக்ரூன் பிறகு அனுப்பலாம், முதலில் அந்த எண்.

உன்,
வசந்தா