சேன்-சான்ஸின் விரல்களைத் திருத்தாதீர்கள்

பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் காப்பகத்தாருக்கும், அவற்றைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றுவோருக்கும்,

வணக்கம்.

பிரெஞ்சு நாடகாசிரியரும் நடிகருமான சாஷா கீத்ரி 1915 நவம்பரில் பாரிஸில் ஒரு மௌனப் படத்தைத் திரையிட்டார். பிரான்சின் முதிய கலைஞர்களை அவர்கள் வேலை செய்யும் கோலத்திலேயே பிடித்த படம் அது. சிற்பி ரோதான், ஓவியர்கள் மொனே, ரெனுவார் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான கமீல் சேன்-சான்ஸ் பியானோ முன் அமர்ந்து வாசிக்கும் காட்சியும் உண்டு. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 80. அந்தச் சிறு காட்சியை முன்வைத்தே இந்த மடலை எழுதுகிறோம்.

சேன்-சான்ஸ் பிறந்தது 1835-இல். பத்து வயதில், 1846-இல், பாரிஸின் பிளேயெல் அரங்கில் முதல் கச்சேரி செய்தார். அவருடைய ஆசிரியர் ஸ்தமதி, பியானோ கலைஞர் கால்க்பிரென்னரின் மாணவர். பியானோவில் விரலால் அழுத்தும் கட்டைகளுக்கு முன்னால் ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தி, முன்னங்கையை அதன்மேல் வைத்து வாசிக்கச் சொல்வது அந்த ஆசிரியர் மரபின் முறை. கையின் பாரத்தைச் சட்டம் தாங்கிக்கொள்ளும், ஒலியை எழுப்புவது விரல்களின் பொறுப்பு மட்டுமே. 1840-களின் இந்தப் பயிற்சியைப் புத்தகங்களில் நிறையப் படிக்கலாம். அதிலேயே வளர்ந்த ஒருவர் வாசிப்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு மிக அரிது. காதுக்காவது 1904-இலும் 1919-இலும் அவர் கிராமபோன் கம்பெனிக்குக் கொடுத்த இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஆகவே இந்தப் படத்தின் மதிப்பெல்லாம் அந்த மணிக்கட்டிலும் விரல்களிலும்தான் இருக்கிறது. இத்தகைய காட்சிகளை ‘மெருகேற்ற’ இன்று செய்யப்படும் ஒவ்வொரு வேலையும் முதலில் கெடுப்பதும் விரல்களையே.

வேகத்திலிருந்து தொடங்குவோம். அக்காலக் காமிராவைக் கையால் சுழற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம் (சுருளில் பதியும் தனித்தனிப் படம்), நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 ஃபிரேம். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம் என்பதால் நொடிக்கு ஓரடி ஓடும். இதைப் பேசும் படங்களின் வேகமான நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் ஒரு நிமிடக் காட்சி 40 நொடியில் முடிந்துவிடும், கைகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் துள்ளும். மற்றவர் விஷயத்தில் பார்ப்பவருக்கு உடனே சந்தேகம் வரும். சேன்-சான்ஸ் விஷயத்தில் வராது. ஏனென்றால் இசைத்தட்டுகளிலும் அவர் விரைவாக வாசிப்பவர்தான். “இந்த வயதில் இப்படியா!” என்று வியந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க விரல்களைப் பார்த்துப் பயனில்லை, அவை எந்த வேகத்திலும் நம்பும்படியாகவே இருக்கும். தலை திரும்புவது, கண் இமைப்பது, வாசித்து முடித்த கை மடியில் விழுவது, கோட்டின் தொங்கல் அசைந்து அடங்குவது ஆகியவற்றைப் பாருங்கள். 14, 16, 18, 20 என்று நான்கு வேகத்திலும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுழற்றும் கை சில சமயம் தளரும், சில சமயம் முடுக்கும். எனவே படம் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போடாமல் ஷாட் ஷாட்டாகப் பார்ப்பதே சரி.

வேகம் கிடைத்த பிறகு அடுத்த தவறு நேர்கிறது. 16-ஐ 24 ஆக்க ஒன்று விட்டு ஒரு ஃபிரேமை இரண்டு முறை காட்டுவார்கள். ஒன்று ஒரு மடங்கு, அடுத்தது இரு மடங்கு என நிற்பதால் ஓட்டம் நொண்டும். அந்த நொண்டலை மறைக்கச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு இடை ஃபிரேம்களை உண்டாக்குகிறார்கள். 16 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் 62.5 மில்லி நொடி இடைவெளி. நொடிக்குப் பன்னிரண்டு சுரம் ஓடும் இடத்தில் அந்த இடைவெளிக்குள் ஒரு விரல் இறங்கி ஏறியே விடலாம். படத்தில் அது பதிவாகவே இல்லை. மென்பொருளோ இரண்டு ஃபிரேம்களையும் பார்த்து நடுவில் ஒரு விரலை ஊகித்து வரைகிறது. இரண்டு விரல்கள் ஒன்றாக உருகுவதும், ஆறாவது விரல் முளைப்பதும், கட்டையைத் தொடாமலே விரல் வழுக்கிப் போவதும் இதனால்தான். மாணவர் ஒருவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, “சேன்-சான்ஸ் மூன்றாம் விரலைப் போட்டார்” என்று குறித்துக்கொண்டால், அவர் குறித்தது மென்பொருளின் விரலை. நொண்டல்தான் கவலை என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் மும்மூன்று முறை காட்டி 48-இல் கொடுங்கள். எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, ஓட்டமும் சீராக இருக்கும்.

இன்றைய 16:9 அகலத் திரைக்காக, அகலம் 4-க்கு உயரம் 3 என்று அமைந்த பழைய படத்தின் மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். பியானோ வாசிப்பவரின் படத்தில் கீழ்ப்பகுதியில்தானே கைகள் இருக்கும்? வெட்டாமல் இழுத்து நிரப்பினால் விரல்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

இடவலம் மாறிய பிரதிகளும் உலவுகின்றன. சுருளைப் புரட்டிப் போட்டு ஸ்கேன் செய்தால் இப்படி ஆகும். பியானோவின் நடுப்பகுதியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று வரும் அடுக்கு கண்ணாடியிலும் அப்படியேதான் தெரியும். ஓரங்களைப் பாருங்கள். இடக்கோடியில் ஒரே ஒரு கறுப்புக் கட்டை தனியாக நிற்கும், வலக்கோடியில் அப்படி இருக்காது. கோடிகள் படத்தில் விழாவிட்டால் மூடியைப் பாருங்கள். கிராண்ட் பியானோவின் மூடிக்குக் கீல் வாசிப்பவரின் இடப்பக்கம், திறப்பது வலப்பக்கம். அதுவும் தெரியவில்லை என்றால் கோட்டுப் பொத்தான் இருக்கிறது. ஆண்களின் கோட்டில் இடமடிப்பு மேலே வரும்.

இனி ஒலி. மௌனப் படத்தின்மேல் இசைத்தட்டை ஏற்றிக் காட்டுவதை நாங்கள் ஒரேயடியாக எதிர்க்கவில்லை. ஆனால் 1904-இல் பதிந்த வாசிப்பை 1915-இன் கைகளோடு சேர்த்து, ஏதோ ஓர் இடத்தில் கை தூக்குவதும் முத்தாய்ப்பும் பொருந்தும்படி வேகத்தைச் சற்றே இழுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். இரண்டும் உண்மை ஆவணங்கள், ஒட்டியதும் பொய்யாகிவிடுகின்றன. ‘இந்த ஒலி இந்தக் காட்சிக்குரியது அன்று’ என்ற வரி விவரப் பகுதியில் ஒளிந்திருந்தால் போதாது, திரையிலேயே, காட்சி முடியும்வரை நிற்க வேண்டும்.

ஒலியோடு எடுத்த படங்களுக்குத் தொல்லை வேறு. 1931-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தியேட்டரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் தன் ‘ஐ காட் ரிதம்’ பாடலைப் பியானோவில் வாசித்த காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 ஃபிரேம் படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25-இல் ஓட்டினால் 4 விழுக்காட்டுக்கு மேல் வேகம் கூடும், சுருதி அரைச்சுரத்தில் (அடுத்தடுத்த இரு பியானோக் கட்டைகளுக்கு இடையிலான சுருதி வித்தியாசம்) பத்தில் ஏழு பங்கு ஏறும். அமெரிக்க மின்சாரத்தின் நொடிக்கு 60 சுழற்சி இரைச்சல் ஒலித்தடத்தில் விழுந்திருந்தால், ஏறிய பிரதியில் அது 62.5-ஆகக் காட்டும். அதை வைத்தே பிழையைத் திருத்திவிடலாம். எனவே முதல் வேலையாக இரைச்சலைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள். அளவுக்கு மீறித் துடைத்தால், பியானோ நரம்பு அதிர்ந்து தேயும் வாலும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். பிறகு எல்லாம் மரத்தில் தட்டியதுபோலக் கேட்கும்.

நாங்கள் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அன்று. வண்ணம் பூசிய, கூர்மையாக்கிய பிரதியை வெளியிட விரும்பினால் வெளியிடுங்கள். அதன் பக்கத்திலேயே வெறும் ஸ்கேனையும் வையுங்கள். ஒரு ஃபிரேமும் கூடாமல் குறையாமல், வரிசை மாறாமல், துளை ஓரம் வரை தெரியும்படி இருக்கட்டும். கோடக் சுருளாக இருந்தால் ஓரத்துக் குறிகளே அந்தப் பிரதி எந்தக் காலத்துச் சுருளில் எடுக்கப்பட்டது என்று சொல்லிவிடும். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கீத்ரியின் படத்துக்கு இது மிக முக்கியம். 1952-இல் இயக்குநர் ஃப்ரெடெரிக் ரோசிஃபோடு சேர்ந்து அவரே தொலைக்காட்சிக்காகப் பேச்சோடு செய்த வடிவமும் இருக்கிறது. இணையத்தில் வெட்டி வெட்டி உலவும் துண்டு 1915-இன் சுருளிலிருந்து வந்ததா, 1952-இன் வடிவத்திலிருந்து வந்ததா என்று தெரியாமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதே வீண். தேர்ந்த வேகம் எத்தனை ஃபிரேம், எதைப் பார்த்துத் தேர்ந்தீர்கள், இடவலம் சரிபார்த்தீர்களா, ஒலி சேர்த்திருந்தால் அது எந்த ஆண்டுப் பதிவு என்று நான்கு வரி போதும்.

ஏற்கெனவே ஏற்றிய காட்சிகளுக்கு இதைச் செய்ய நேரமில்லை என்றால், சேன்-சான்ஸ் காட்சி ஒன்றுக்காவது இந்த மாதமே செய்துவிடுங்கள்.

அன்புடன்,
பியானோ இசையையும் பழைய படச்சுருளையும் நேசிக்கும் சிலர்