வாரண்டிக்குள் இரண்டு முறை சொல்லியும் திறந்து பார்க்காத டைமிங் செயின்

பெறுநர்: சர்வீஸ் மேலாளர் அவர்கள், சேலம் கிளை

பொருள்: டைமிங் செயின் (இன்ஜினுக்குள் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் சங்கிலி) தேய்மானம் – வாரண்டியில் மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

நான் ஏற்காட்டில் குடியிருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் சேலம் இறங்கி ஏறுகிற கார் இது. ஒரு நடைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வருகிறது, ஆயில் ஏறியதும் அடங்கிவிடுகிறது என்று 84,000 கிலோமீட்டரில் சொன்னேன். "செயின் சத்தம், நார்மல்" என்று ஜாப் கார்டில் எழுதினீர்கள். 93,000-இல் திரும்பவும் சொன்னேன், அதே வரி. குளிர்ந்த இன்ஜினில் கேளுங்கள் என்று முந்தின இரவே வண்டியை விட்டுப் போனேன். காலையில் நான் வருவதற்குள் வாட்டர் வாஷுக்கு ஓட்டிவிட்டார்கள். சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்?

இப்போது 1,03,000. டாப்பெட் கவரை, அதாவது இன்ஜினின் மேல் மூடியைத் திறக்காமலே செயின் கிட் மாற்ற ₹38,000 என்கிறீர்கள். கேட்டால், வாரண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரோடு முடிந்ததாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே திறந்து பார்த்தேன். லாரி மெக்கானிக்காக இருந்த என் மாமா கூட இருந்தார். பேட்டரி வயர், காயில், பிளக் எல்லாம் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெல்லத் திருப்பினோம். கிராங்க் குறி நேராக நிற்கும்போது கூடவே நேராக நிற்க வேண்டிய கேம் பல்சக்கரத்தின் குறி அரைப் பல் தள்ளி நிற்கிறது. செயின் உரசிப் போகும் மேல் பிளாஸ்டிக் கைடில் செயின் உழுத இரண்டு தடம். நகம் வைத்தால் இறங்குகிறது. ஆயிலை வடித்தபோது, புளியங்கொட்டைத் தோல் மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சில் வந்து விழுந்தது. "இரும்பு இழுபடல மாப்ள, ஒவ்வொரு கண்ணியிலயும் பின்னு தேஞ்சிருக்குது, அதான் நீளம்" என்றார் மாமா. எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை உங்களிடமே ஆயில் மாற்றிய பில்களும் இருக்கின்றன.

இரண்டாவது கியரில் மலை இறங்கும்போது செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜின் நின்றுவிடும். ஸ்டீயரிங் கனத்துப் போகும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பின்சீட்டில் என் பிள்ளைகள் உட்கார்ந்து வருகிறார்கள், ஐயா. இதைத்தான் நார்மல் என்று எழுதினீர்கள்.

புகார் வாரண்டிக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. உங்கள் ஆள் எழுதிய கையெழுத்திலேயே இருக்கிறது. அதனால் செயின், அதை இறுக்கி வைக்கும் டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் அனைத்தையும் கட்டணமில்லாமல் மாற்றித் தர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை என்னிடம் கொடுக்க வேண்டும். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

டாப்பெட் கவருக்குப் புது கேஸ்கெட் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வண்டியை மலையில் ஓட்டிக்கொண்டு வர மாட்டேன். ரெக்கவரி வண்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு

இணைப்பு: ஜாப் கார்டு நகல் 2, ஆயில் பில்கள், படங்கள்