நடுவில் இருந்த மதுரை எங்கே?

மதுரையின் 'அன்றும் இன்றும்' படங்களைத் தேடிப்பிடித்துப் பகிர்ந்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் ஆள்தான். பழைய மதுரைப் படம் ஒன்று கண்ணில் பட்டால் சாப்பாடு ஆறிப்போகும் வரை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவன். அந்த உரிமையில் கொஞ்சம் சண்டை போடலாம் என்றுதான் இந்த மடல்.

சில வாரங்களுக்கு முன்பு உங்களில் ஒருவர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் இரண்டு படங்களை ஒட்டிப் போட்டிருந்தார். இடப்பக்கம் கறுப்பு வெள்ளையில் தண்ணீர் தளும்பும் குளம், நடுவே மைய மண்டபம். வலப்பக்கம் அதே மண்டபம், சுற்றிலும் வெடித்த தரை, மூன்று குச்சி ஊன்றிக் கிரிக்கெட் ஆடும் பையன்கள். 'அன்று கடல், இன்று கட்டாந்தரை' என்று கீழே ஒரு வரி. அடுத்து வழக்கமான பெருமூச்சுகள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வாரம்தான் அதே குளத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, நிறைந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தபடி சுண்டல் தின்றுவிட்டு வந்திருந்தேன்.

பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகைத் தண்ணீரைத் திருப்பிவிட்டதிலிருந்து குளத்தில் தண்ணீர் நிற்கிறது. ஆக, நீங்கள் 'இன்று' என்று போட்டது இன்றே இல்லை. அது என்னுடைய பால்யம். அந்தத் தரையில் நான் எத்தனையோ முறை அவுட் ஆகியிருக்கிறேன். தை மாதம் தெப்பத்துக்காகத் தண்ணீர் விட்டால் எங்கள் ஆட்டம் நின்றுபோகும். தண்ணீர் விட வழியில்லாத வருடங்களில் தெப்பம் நகராமல் நிலைத்தெப்பமாக நிற்கும். பெரியவர்கள் வருத்தப்படுவார்கள்; நாங்கள் உள்ளுக்குள் சந்தோஷப்படுவோம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தின் கதையில் நிறைந்தது, வறண்டது, மறுபடி நிறைந்தது என்று குறைந்தது மூன்று படங்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய இரண்டை மட்டும் எடுத்து ஒட்டினால் எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

அப்புறம் இந்த 'எவ்வளவு அமைதியான ஊர் பாருங்கள், தெருவில் ஓர் ஆள் இல்லை' என்ற புலம்பல். நீங்கள் அதிகம் பகிர்வது லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்களை. மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி அவர். 1858-இல் மதுரையை எடுத்தார். அந்தக் காலத்து நெகட்டிவில் உருவம் பதிய வெளிச்சம் நெடுநேரம் விழ வேண்டும். தூண் அசையாது, படத்தில் விழும். நடந்து போகிறவர் விழமாட்டார். மிஞ்சினால் ஒரு புகைபோலத் தெரிவார். கூடை தூக்கிப் போனவர், மாட்டை ஓட்டிப் போனவர், ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தெருவில் இருந்திருப்பார்கள். கேமராவுக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை. வானத்தையும் நம்ப வேண்டாம். அந்த நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும் என்பதால், டிரைப் தூரிகை எடுத்து மேகம் வரைந்து சேர்ப்பதும் உண்டு. 'அந்தக் காலத்து மேகமே தனி அழகு' என்று ஒருவர் உருகி எழுதியிருந்தார். அந்த மனுஷருக்கு எப்படிச் சொல்வது!

சரி, குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி என்று நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். டிரைப் எடுத்தவற்றில் பிளாக்பர்ன் நினைவுத்தூண் படம் ஒன்று உண்டு. 1840களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே பரவவிட்ட கலெக்டர் பிளாக்பர்ன். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அந்த வேலையில் பிறந்தவைதான். அவர் நினைவாக நட்ட விளக்கைத்தான் நாம் விளக்குத்தூண் என்கிறோம். தினமும் பல்லாயிரம் பேர் வாயில் வருகிற பெயர், ஆனால் நின்று தூணைப் பார்க்கிறவர் சொற்பம்.

டிரைப் நின்ற இடத்தில் நிற்க முயன்றேன். செல்போனில் பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கடி பின்னால் போனால் ஆட்டோ ஹாரன், இடப்பக்கம் நகர்ந்தால் நைட்டி தொங்கும் தள்ளுவண்டி. வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சர்வேயா? கடையை எடுக்கச் சொல்லிருவாங்களா?" என்றார். படத்தைக் காட்டினேன். செல்போனை வாங்கி, வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தார். "இந்தத் தூணா அது? நான் இருபது வருசமா இதுக்கு முதுகைக் காட்டித்தானே நிக்கிறேன்" என்றார். பிறகு அவரே வண்டியை இரண்டடி தள்ளி இடம் விட்டார். எடுத்த படம் டிரைப்பின் படத்தோடு பொருந்தவில்லை. செல்போன் லென்ஸ் அகலமாகப் பிடித்து, தூரத்தில் இருப்பதையெல்லாம் சுருக்கிவிடுகிறது. 'கோபுரம் சிறுத்துப்போச்சு' என்று நாம் எழுதுவதில் பாதி இந்த லென்ஸ் செய்கிற வேலை.

எனக்கு உண்மையில் உறுத்துவது மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபம். டிரைப் அதையும் எடுத்திருக்கிறார். தூணும் சிலையுமாகத் தெரியும். அதற்குள் இருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாலும் தூணும் சிலையும்தான். இரண்டையும் ஒட்டி 'காலம் தொடாத மண்டபம்' என்று ஒருவர் போட்டாயிற்று. காலம் தொடாததா? தலைமுறை தலைமுறையாக அந்தத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் ஓடியது. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேடத்துக்கான உடைகள் சிவப்பும் மஞ்சளுமாக அங்கே குவிந்து கிடக்கும். பாத்திரக்கடை, வளையல் கடை, பாதி விலையில் பாடப்புத்தகம் விற்ற கடை. என் ஆறாம் வகுப்புக் கால்சட்டையை ஒரு யாளிக்குக் கீழே நின்றுதான் அளவு கொடுத்தேன். டெய்லர் ஊசிநூலை எங்கே மாட்டி வைத்திருந்தார் என்பது கூட நினைவிருக்கிறது. ஆனால் ஒரு படம் இல்லை.

கடைகள் போனது சிற்பங்களுக்கு நல்லதுதான்; அதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் கல்லுக்கு ஆகாது. ஆனால் 1858-ஐயும் நேற்றையும் ஒட்டும்போது, நடுவில் அங்கே பிழைத்தவர்கள் டிரைப்பின் தெருவில் நடந்தவர்கள் மாதிரியே மறைந்துபோகிறார்கள். இந்த முறை கேமராவைக் குறை சொல்ல முடியாது, மறைப்பது நாம்தான்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன; அவற்றை நூறாவது முறை பகிர ஆள் இருக்கிறது. நீங்கள் 1960 முதல் 2000 வரைக்குமானதைத் தேடுங்கள். கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் தெரியும் மாசி வீதி, காதுகுத்துப் படத்துக்குப் பின்னால் வைகை, மூடப்போகிற ஸ்டூடியோவின் பரணில் கிடக்கும் நெகட்டிவ் பெட்டி. பகிரும்போது ஓரத்தை வெட்டாதீர்கள். ஸ்டூடியோ பெயர் அங்கேதான் இருக்கும், அதன் மேல் உங்கள் லோகோவைக் குத்துவது பாவம். எந்த வருடம், எந்த மாதம், எங்கே நின்று எடுத்தது என்று தெரிந்ததை எழுதுங்கள். வைகைக்கு மாதம் ரொம்ப முக்கியம். சித்திரையில் அழகர் இறங்கத் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் எடுத்த படத்தையும் பங்குனி வெயிலில் எடுத்ததையும் ஒட்டி 'ஆறு செத்தது' என்று எழுதக் கூடாது. வைகை அணை வந்தது 1959-இல். படம் அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதையாவது பாருங்கள்.

என்னிடம் தெப்பக்குளத்துக் கிரிக்கெட் படம் ஒன்று இருக்கிறது. 1990களின் நடுவில் எடுத்தது. பந்து போடுகிற நண்பனின் கால் மட்டும் கலங்கியிருக்கும், பின்னால் மைய மண்டபம் தெளிவாக இருக்கும். அதை முழுசாக, ஓரம் வெட்டாமல் உங்களுக்குத் தருகிறேன். பதிலுக்குப் புது மண்டபத்துக்குள் தையல் மிஷின் தெரிகிற ஒரு படம் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். பின்பக்கம் தேதி எழுதியிருந்தால் ரொம்ப நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டெய்லர் தலைக்கு மேலே ஒரு காலண்டர் கட்டாயம் தொங்கும், பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தெப்பக்குளத்தில் பலமுறை அவுட் ஆனவன்