நான்காவது திசை எங்கே?

கிருஷ்ணகிரி,
தை கடைசி வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மா பூத்திருக்கிறது. தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்து முடித்த பிறகுதான் உட்கார நேரம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, களியும் கீரைக்குழம்பும் பழையபடி கேட்டுச் சாப்பிடுகிறார். உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இயற்பியலில் சொல்கிற கூடுதல் பரிமாணமும் நம் பதினான்கு லோகமும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். இல்லை நண்பா. லோகம் என்பது வேறோர் இடம். பரிமாணம் என்பது ஒரு திசை. முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்ற மூன்றுக்கும் செங்குத்தாக இன்னொன்று இருக்குமானால், அது உன் மேசை மேலும் இருக்கும், இந்த மாமரத்தடியிலும் இருக்கும். 1919இல் ஜெர்மன் கணித அறிஞர் தியோடர் கலூசா இதை ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். ஒரு பரிமாணத்தைக் கூட்டினால் ஈர்ப்பும் மின்காந்த விசையும் ஒரே கணக்கில் அடங்குகின்றன! ஐன்ஸ்டைன் இரண்டு வருடத்துக்கு மேல் தயங்கினார், 1921இல்தான் கட்டுரை வெளியானது. அந்தத் திசை ஏன் நம் கண்ணில் படவில்லை என்பதற்கு 1926இல் சுவீடன் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன் பதில் சொன்னார்: அது மிகச் சிறிய வளையமாகச் சுருண்டிருக்கிறது, அந்தப் பக்கம் கிளம்பினால் உடனே கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

என்னை உலுக்கியது 1998இல் வந்த யோசனை. சின்ன வயதில் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தால் ஆணி பொறுக்கினோமே, நினைவிருக்கிறதா? பூமி முழுவதும் சேர்ந்து கீழே இழுத்தும் அந்தக் கையளவு காந்தம் ஜெயித்தது. ஈர்ப்பு ஏன் இவ்வளவு பலவீனம்? அர்க்கானி ஹமெத், டிமோபௌலோஸ், த்வாலி என்ற மூன்று இயற்பியலாளர்கள் சொன்னது, ஈர்ப்பு மட்டும் கூடுதல் திசைகளிலும் பரவி நீர்த்துப்போகிறது என்று. போன வாரம் மருந்து அடிக்கும்போது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரேயரை இரண்டு மடங்கு தூரத்தில் பிடித்தால் இலைமேல் விழும் மருந்து கால் பங்காகிவிடுகிறது. பரவ இன்னொரு திசை இருந்தால் அரைக்கால் பங்குதான் விழும்.

அப்புறம் இதை அளந்தும் பார்க்கலாம் என்பதுதான் அழகு. இரண்டு பொருளை நெருக்கிப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தால் ஈர்ப்பு நான்கு மடங்காக வேண்டும். வளையத்தின் அளவுக்குள் போய்விட்டால், ஒரு கூடுதல் பரிமாணத்துக்கு எட்டு மடங்கு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் குழு முறுக்குத் தராசை வைத்து இதைத்தான் வருடக்கணக்காகச் செய்கிறது. மெல்லிய கம்பியில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். 2020இல் சொன்ன முடிவுப்படி 52 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வரை, நான்கு மடங்கு விதி பிசகவில்லை. அணுவினும் சிறிய துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் ஜெனிவா மோதுகருவியிலும் கூடுதல் பரிமாணத்தின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நீ சலித்துக்கொள்வாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாமே நுண்ணிய இழைகளின் அதிர்வுதான் என்கிற இழைக்கோட்பாட்டுக்கு, காலத்தையும் சேர்த்துப் பத்துப் பரிமாணம் வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு முடியின் கனத்துக்குள் ஈர்ப்பின் விதியைச் சோதிக்க எத்தனை பொறுமை வேண்டும்! லாரி போகிற அதிர்வுகூட அந்தத் தராசுக்குப் பகை.

வைகாசியில் குடும்பத்தோடு வா, செந்தூரா பழுத்திருக்கும். அந்தக் காந்தம் இன்னும் என் பரண்மேல்தான் இருக்கிறது. பேத்திக்கு எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்