சாயல்குடிக்கு அப்பால் பனங்காட்டில் இருக்கும் ஆச்சிக்கு

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு மாறியிருக்கிறான். இராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போன வழியில் நடந்ததைக் கேள்விப்பட்டு, இரவு பகல் பாராமல் விசாரித்த அத்தனை பேருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று அக்னி நட்சத்திர வெயில். ஏர்வாடி தாண்டியதிலிருந்தே தார்ச்சாலை அனலைக் கக்கியது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான், ஒதுங்க நிழல் கிடையாது. லாரி கடக்கும்போதெல்லாம் புழுதி கிளம்பி வேர்வையோடு அப்பிக்கொள்ளும். வாயெல்லாம் மணல் நறநறத்தது. அதற்குப் பிறகு தம்பி வெயில் தாங்காமல் நினைவிழந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கரிமூட்ட வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கிய இளைஞர்கள், உப்பு லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்த ஓட்டுநர், கடையிலிருந்த ஐஸ் முழுவதையும் வாரிக்கொண்டு வந்து அவன் கழுத்திலும் அக்குளிலும் வைத்த சர்பத் கடைக்காரர், 108 வண்டியில் வந்தவர்கள், அரசு மருத்துவமனை மருத்துவர், செவிலியர்கள், பயணத்தை விட்டுவிட்டு என்னோடு தங்கிய குழு நண்பர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. உங்களில் யார் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஆச்சியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாலையோரம் அவருடைய விடிலி, கருப்பட்டி காய்ச்சும் ஓலைக்குடிசை. உள்ளே பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. “உள்ள வெக்கையா இருக்கும், இங்கிட்டுக் கொண்டாங்க” என்று பின்பக்க ஓலைச் சாய்ப்பில் அவரே பாயை விரித்தார். ஹெல்மெட்டையும் ஷூவையும் கழற்றினார், ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்தார். பதற்றத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை அவன் வாயருகே கொண்டுபோனபோது, “நெனவு இல்லாதவன் வாயில ஊத்தாதீக, பொரையேறிரும்” என்று தடுத்தார். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீச ஆரம்பித்தவர், வண்டி வரும்வரை நிறுத்தவில்லை. கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். நடுநடுவே முந்தானை நுனியை நனைத்து, அவன் இமைமயிரில் படிந்திருந்த புழுதியை ஒற்றி ஒற்றி எடுத்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போதும் பக்கத்திலேயே வீசிக்கொண்டு நடந்தார்.

அன்று இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் வீட்டில் விட்டுவந்த சைக்கிள்களை எடுக்கப் போனபோது, வாசலில் பேத்தி ஒரு பெரிய கொப்பரையைச் சாய்த்துப் போட்டு மணலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கமெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. “என்னம்மா இது?” என்றேன். “அந்த அண்ணன் விழுந்த அன்னைக்குக் கருகுனது. இன்னும் போக மாட்டேங்குது” என்றாள். ஆச்சி உள்ளேயிருந்து அவளை அதட்டினார்.

கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிகாலையில் தாத்தா மரம் மரமாக ஏறி இறக்கிய பதநீர் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். பொங்கினால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்க வேண்டும். பாகு திரளும் நேரத்தில் துடுப்பிலிருந்து கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடிபிடித்துவிடும், சிரட்டையில் ஊற்ற ஒன்றும் தேறாது. நாங்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது சரியாக அந்த நேரத்தில். உள்ளே தீய்கிற வாசனை அவருக்கு வந்திருக்கும். ஆனாலும் முகம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. பதநீர் இறங்குவதே வருடத்தில் சில மாதங்கள்தான். அதில் இரண்டு பேருடைய ஒரு நாள் உழைப்பைத் தீயில் விட்டுவிட்டு, எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பணத்தை நீட்டினேன், கையால் தள்ளிவிட்டார். “இன்னைக்குக் காய்ச்சிக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார். கிளம்பும்போது ஓலைக்கொட்டானில் நாலு கருப்பட்டியை வைத்து, “சுக்கத் தட்டிப் போட்டுக் குடு ராசா, தெம்பு வரும்” என்று கொடுத்தனுப்பினார். அதைத்தான் தம்பி தினமும் குடிக்கிறான்.

ஆச்சி, நீங்கள் போன் வைத்துக்கொள்வதில்லை என்று தெரியும். பேத்தி இதைப் படித்துக் காட்டட்டும். கையில் திணித்தால் வாங்க மாட்டீர்கள், காய்ச்சியதை விற்பீர்கள் அல்லவா? அடுத்த பருவத்தில் கொப்பரை ஏறும் முதல் நாள், அன்றைய கருப்பட்டி முழுவதும் எங்கள் குழுவுக்குத்தான். நீங்கள் சொல்வதுதான் விலை. இனி ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். தாத்தாவிடம் பேசி முடித்துவிட்டோம், அவரும் சரி என்று சொல்லிவிட்டார். தம்பியும் வருகிறான்.