கணக்குப் பார்க்காமல்

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அம்மாவின் வாழ்த்துகள். இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான், ஆனாலும் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போவதை விடுவதாயில்லை.

பெர்த்தில் ஞாயிறு பள்ளியை நீ ஒருத்தியே இழுத்துக்கொண்டு போகிறாய், சலிப்போடு செய்வதைக் கர்த்தர் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்விம்மா. நம் சபைகளில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

லூக்கா 15-இல் இயேசு சொன்ன இரண்டு மகன்களின் கதை என்றதும் எல்லோரும் வீட்டை விட்டுப் போன இளையவனைத்தான் பேசுவார்கள். எனக்கு மூத்தவன்மேல்தான் கண். சொன்ன பேச்சை மீறாதவன், வயலில் உழைத்தவன். ஆனால் வாயைத் திறந்தால் கணக்கு: இத்தனை வருஷம் உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டியாவது தந்தீரா? நாம் சிபிஎஃப் என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கைத் திறந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எப்போது எடுக்கலாம் என்று பார்க்கிறோமே, அப்படி. திரும்பி வந்த தம்பிக்காக உள்ளே ஆடல்பாடல் நடக்கிறது, அவனுக்குப் படியேற மனமில்லை.

நாலு அதிகாரம் தள்ளி வரி வசூலிக்கிற சகேயு வருகிறான். இயேசுவைப் பார்க்க ஏறியிருந்த மரத்திலிருந்து சீக்கிரமாய் இறங்கி, சந்தோஷத்தோடே இயேசுவை வீட்டுக்கு அழைத்துப் போகிறான். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதாக அங்கே இல்லை. இவனாக எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காய்த் திரும்பும் என்கிறான். தவற்றை ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கட்டும் என்பதுதான் எண்ணாகமம் 5 சொல்லும் சட்டம். இவன் கை அதோடு நிற்கவில்லை. அவர் தன் வீட்டுக்கு வருகிறார் என்ற சந்தோஷம் முந்திக்கொண்டது, கொடுப்பது பின்னால் வந்தது. சனி இரவு பாடத்தைத் தயாரிக்கிறாய், சரி. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பாடத்துக்காக இல்லாமல் உனக்காக வேதத்தைத் திற.

போன ஈஸ்டர் சாப்பாடு முடிந்து சபையின் பின்கட்டுக்குப் போனேன். ஒரு பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிரியாணி அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கீர்த்தனை கேட்கிறது! நான் கை வைக்கப் போனால், "இது என்னோடது, உனக்கு வேணும்னா அந்தப் பாயசச் சட்டி இருக்கு, எடு" என்றார். விட்டுக்கொடுக்க மனசே இல்லை அவருக்கு.

அதற்காக, சந்தோஷம் வரும்வரை வகுப்புக்குப் போகாதே என்று சொல்லவில்லை. பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கும், போ. வகுப்பு நடுவிலேயே சலிப்பு போய்விடுவதும் உண்டு. ஆனால் வேறு ஆளில்லை என்று வருஷக்கணக்கில் ஒருத்தி தலையிலேயே கட்டுவது சபையின் சோம்பல். அதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் வைக்காதே. போதகரிடம் போய் இன்னொருவரைக் கேள், கூச்சப்படாதே.

ஸ்டோர் ரூமில் உன் பழைய ஞாயிறு பள்ளிப் படங்கள் கிடைத்தன, பார்சலில் அனுப்புகிறேன். சகேயுவின் மரம் மட்டும் காணோம், அதை நீயே வரைந்துகொள்.

அன்புடன்,
அம்மா